அந்தப் பழைய டூல் பெட்டி எந்த வருஷத்துது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் சிட்டி மார்க்கெட்டைத் தாண்டி எஸ்.ஜே.பி. ரோட்டில், பழைய மோட்டாரும் வால்வும் குவித்து வைத்திருக்கும் ஒரு கடையின் உள்மூலையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதன் தலைமேல் இரண்டு கியர் பாக்ஸை ஏற்றி வைத்திருந்தார்கள். பச்சை எனாமல் பெயின்டை யாரோ பிரஷ்ஷால் தாறுமாறாக அடித்திருந்தார்கள், ஆனாலும் முன்பலகையைத் தூக்கியதும் உள்ளே ஏழு ட்ராயர், ஒவ்வொன்றும் விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்த நிமிஷமே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரர் நல்ல தமிழில், "சார், இது அமெரிக்கன் மிலிட்டரி பெட்டி. யுத்த காலத்துது. எச்.ஏ.எல்.லுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது" என்றார். 9,000 ரூபாய் சொன்னார், அரைமணி நேரம் நின்று பேசி 6,500-க்கு முடிந்தது. காலிப் பெட்டியே 15 கிலோவுக்கு மேல் இருக்கும் போல, மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று கூட்ஸ் ஆட்டோ பிடித்து ஸ்ரீராமபுரம் வந்து சேர்ந்தேன்.

வழியெல்லாம் அந்த யுத்த காலத்துக் கதைதான் மனதில் ஓடியது. ஏனென்றால் அது நம்பக்கூடிய கதை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசோடு சேர்ந்து இந்த ஊரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார், 1943-ல் அது அமெரிக்க ராணுவ விமானப்படையின் கைக்குப் போனது, யுத்தம் முடியும்வரை அமெரிக்க விமானங்களுக்கு அங்கே ஓவர்ஹால் நடந்தது. கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கியிருக்கின்றன (இன்றைக்கு அந்த ஏரிப் பக்கம் போகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்). ஆக, ஒரு அமெரிக்க மெக்கானிக்கின் டூல் பெட்டி 1944-ல் பெங்களூரில் இருந்திருக்கலாம், அவன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டும் போயிருக்கலாம். இப்படி எல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 20 அங்குல அகலம், எட்டரை அங்குல ஆழம், எல்லாம் இரும்புத் தகடு. மேல்மூடியைத் திறந்தால் ஒரு ஆழமான தட்டு, கீழே ட்ராயர்கள். முன்பலகை தனியாகக் கழன்று வரும். வேலை செய்யும்போது அதை அடி ட்ராயருக்குக் கீழே இருக்கிற சந்தில் செருகிவிடலாம், வேலை முடிந்ததும் வெளியே இழுத்து நிமிர்த்தி ட்ராயர்களை மறைத்து மூடியை அழுத்தினால் ஒரே பூட்டில் எல்லாமே அடங்கிவிடும். நடுவில் ஒரு ட்ராயர் மட்டும் குறுகலாகவும் உயரமாகவும் இருந்தது. அது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

புரிய வைத்தவர் என் மாமனார். ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 1969-ல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, டூல் ரூமிலேயே முழு சர்வீஸையும் முடித்தவர். நான் பீண்யாவில் சின்னதாக ஒரு ஃபிக்ஸ்சர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், எனக்கு டூலில் இருக்கிற அறிவில் பாதி அவரிடம் உட்கார்ந்து கற்றதுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இது மோட்டார் மெக்கானிக் பெட்டி இல்ல. மெஷினிஸ்ட் பெட்டி. இந்த நடு ட்ராயர் இருக்கு பாருங்க, இது புஸ்தகத்துக்கு. ஹேண்ட்புக் வைக்கிறதுக்கு."

மெஷினரீஸ் ஹேண்ட்புக் என்று 1914-லிருந்து அமெரிக்காவில் வருகிற தடிமனான கைப்புத்தகம், மரைக் கணக்கு, கியர் கணக்கு, கட்டிங் ஸ்பீடு எல்லாம் அதில் இருக்கும். அதன் அளவுக்கே அங்கே மெஷினிஸ்ட் (லேத், மில்லிங் மெஷினில் வேலை செய்கிறவர்) பெட்டிகளில் நடு ட்ராயரை வைப்பார்களாம். முதல் சந்தேகம் இங்கேயே வந்துவிட்டது. விமானத்துக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவனுக்கு மைக்ரோமீட்டர் மாதிரி நுட்ப அளவுக் கருவி வைக்கிற பெட்டி எதற்கு? ஆனால் ஓவர்ஹால் என்றால் லேத்தும் மில்லிங்கும் இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைக்காரர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "பார்க்கலாம், மாப்பிள்ளை. ப்ளக் கேஜ் போடற மாதிரிதான் இதுவும்" என்றார்.

டூல் ரூம் பழக்கம் இல்லாதவர்களுக்கு: ஒரு துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ப்ளக் கேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோ-கோ'. கோ முனை துளைக்குள் போக வேண்டும், நோ-கோ முனை போகக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் துளை இந்த இரண்டு அளவுக்கும் நடுவே இருக்கிறது என்று அர்த்தம். துளையின் துல்லியமான அளவை அந்த கேஜ் ஒருநாளும் சொல்லாது. பழைய பொருளின் வயசும் அப்படித்தான். ஒரு தடயம் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று சொல்லும், இன்னொன்று 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று சொல்லும். நாம் செய்யக்கூடியது இரண்டு பக்கத்தையும் நெருக்கிக்கொண்டே வருவதுதான். எது கோ, எது நோ-கோ என்று குழப்பிக்கொண்டால் எல்லாம் போச்சு. அடுத்த மூன்று வாரத்தில் நான் இரண்டு தடவை அப்படிக் குழப்பிக்கொண்டேன், இரண்டு தடவையும் மாமாதான் பிடித்து நிறுத்தினார்.

பெயர்த் தகடு இருந்திருந்தால் வேலை சுலபம். மூடியின் நடுவில் இரண்டு ரிவெட் ஓட்டையும், நீள்வட்டமாக ஒரு நிழலும்தான் மிச்சம். பச்சைக்கு அடியில் இருந்த அசல் பெயின்ட் பழுப்பு நிறம், காய்ந்த சேறு மாதிரி நுணுக்கமாகச் சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கம் பழசானதால் வந்ததல்ல, பெயின்டே அப்படித்தான். கீறல் தெரியாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிக் காய வைப்பார்கள். ஆனால் இந்த வகைப் பெயின்ட் 1930-களிலேயே பரவிவிட்டது, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது. எனவே வயசு சொல்ல உதவாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், எமரி போட்டுக் காய்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், முக்கியமாக வீட்டில் குழந்தைகள் இருந்தால்.

அடுத்தது திருகுகள். பூட்டுக் கொண்டியில் நான்கு ஸ்டார் திருகு இருந்தது. ஸ்டார் திருகுக்கு ஹென்ரி பிலிப்ஸ் 1936-ல் பேட்டன்ட் வாங்கினார், முதலில் கெடிலாக் கார்களில்தான் போட்டார்கள். 'ஆக, பெட்டி 1936-க்குப் பின்' என்று நோட்டில் எழுதிவிட்டேன். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருகைப் பார்த்தார். "தலைக்குள்ள பச்சை பெயின்ட் இல்லையே, மாப்பிள்ளை" என்றார். உண்மைதான். கைப்பிடித் திருகுகளின் பள்ளத்தில் பச்சை நிரம்பியிருந்தது, கொண்டியின் ஸ்டார் திருகுகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. அதாவது பச்சை அடித்ததற்குப் பிறகு யாரோ கொண்டியைக் கழற்றிப் புதுத் திருகு போட்டிருக்கிறார்கள். அது பெட்டியோடு பிறந்ததல்ல, ஆகவே அது சொல்லும் சாட்சி செல்லாது. எழுதியதை அடித்தேன். பழைய பொருளில் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது ஆரம்பத்திலிருந்தே இங்கே இருந்ததா?

கைப்பிடித் திருகு அசல்தான், தலைக்கு அடியில் பழுப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி மாமாவின் பிட்ச் கேஜில் (மரையோடு பொருத்திப் பார்க்கும் பல் வெட்டிய தகடுகள்) வைத்துப் பார்த்தோம். அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்துக்காரன் விட்வொர்த் மரையில் 3/16 அங்குலத்துக்கு 24, அமெரிக்க மரையில் 10-ஆம் நம்பர் திருகுக்கும் 24. விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஒன்று 0.1875 அங்குலம், மற்றது 0.190. தேய்ந்த திருகில் வெர்னியர் வைத்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரை 60 டிகிரி. மாமா திருகை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விட்வொர்த் தகட்டை அதன்மேல் வைத்தார். பல்லுக்குப் பல் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மயிரிழை வெளிச்சம் கசிந்தது. 60 டிகிரித் தகட்டை வைத்தார், வெளிச்சம் அடைபட்டுவிட்டது. அமெரிக்கப் பெட்டிதான். கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஆனால் அமெரிக்காவில் 60 டிகிரி மரை 1864-லிருந்தே இருக்கிறது, ஆக இது நாட்டைச் சொல்கிறதே தவிர வருஷத்தைச் சொல்லவில்லை.

பிறகுதான் பூட்டின் தாழ்ப்பாள் தகட்டில் அந்த எண்ணைப் பார்த்தோம். இதைப் பற்றி மட்டும் நான் ஒரு மணி நேரம் பேசுவேன்.

நிக்கல் முலாம் போட்ட சின்னத் தகடு, கட்டை விரல் அகலம்கூட இருக்காது. அதில் பேட்டன்ட் எண் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமும், ஒரு 2-ம், கமாவும், தேய்ந்த ஒரு எண்ணும், ஒரு 4-ம் இருந்தன. மீதி எல்லாம் பல வருஷம் மூடி உரசி உரசி மழுங்கிவிட்டது. அமெரிக்க பேட்டன்ட் எண்கள் ஒரே வரிசையாகப் போகும். பத்து லட்சமாவது எண் 1911-ல், இருபது லட்சம் 1935-ல், முப்பது லட்சம் 1961-ல். ஒவ்வொரு வருஷமும் எந்த எண்ணில் தொடங்கியது என்று அவர்கள் பேட்டன்ட் அலுவலகமே அட்டவணை போட்டிருக்கிறது. ஆக, எண்ணின் முதல் மூன்று இலக்கம் கிடைத்தாலே வருஷம் கிடைத்துவிடும். எங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் கிடைத்தது, நடுவில் இருந்ததுதான் பிரச்சினை. அது 3 மாதிரியும் இருந்தது, 6 மாதிரியும் இருந்தது.

3 என்றால் 2,34-ல் தொடங்கும் எண். 1944-ன் முதல் எண் 2,338,081, அடுத்த வருஷத்தின் முதல் எண் 2,366,154. அதாவது அது 1944-ன் பேட்டன்ட், யுத்தக் கதை பிழைத்துக்கொள்ளும். 6 என்றால் 2,64. 1953-ன் முதல் எண் 2,624,046, 1954-ன் முதல் எண் 2,664,562. அதாவது 1953, கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரே ஒரு இலக்கத்தின் இடது பக்கம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதில் ஒன்பது வருஷமும் ஒரு உலக யுத்தமும் தொங்கிக்கொண்டிருந்தன.

தகட்டைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தோம். பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தோம், மொத்தமும் கருப்பாக வந்தது. மாமா மார்க்கிங் ப்ளூ என்ற நீல மையை எடுத்துவரச் சொல்லி, மெல்லியதாகப் பூசி, மரக்கட்டையில் சுற்றிய துணியால் மேலோட்டமாகத் துடைத்தார். விரலால் துடைத்தால் பள்ளத்துக்குள் இருக்கிற நீலமும் போய்விடும், கட்டையில் சுற்றிய துணி மேட்டை மட்டும்தான் தொடும். அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தகட்டோடு படுத்தவாக்கில் பிடித்து இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை. கீழ்ப்பாதியில் இடது பக்கம் ஒரு நிழல் வளைந்து தெரிந்தது. எனக்கு அது 6-தான். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அது கீறலாவும் இருக்கலாம். மேல் பாதி பாருங்க, 6-க்கு இப்படி வலது பக்கம் வளைஞ்சு வராது" என்று சொல்லி, தன் நம்பர் பஞ்ச் செட்டைக் கொண்டுவந்து ஒரு அலுமினியத் துண்டில் 3-ம் 6-ம் அடித்துக் காட்டினார். (நம்பர் பஞ்ச் செட்டில் ஒன்பது பஞ்ச்தான் இருக்கும், 6-ஐத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே 9.) அடித்ததை எமரியில் தேய்த்துத் தேய்த்து மழுக்கி, தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மழுங்கிய 3-க்கும் மழுங்கிய 6-க்கும் நடுவில் இருந்தது அது. அன்று ராத்திரி முடிவு கிடைக்கவில்லை.

இதில் நான் குழப்பிக்கொண்ட இரண்டாவது விஷயம்: 'பேட்டன்ட் 1944 என்றால் பெட்டி 1944' என்று எழுதியிருந்தேன். அப்படி இல்லை. பேட்டன்ட் எண் என்பது கீழ் எல்லை மட்டும்தான். அந்த எண்ணைப் பொறிக்க வேண்டுமென்றால் அது வழங்கப்பட்ட பிறகுதான் பொறிக்க முடியும், ஆனால் அதன்பின் பத்து வருஷம் கழித்தும் அதே எண்ணைப் பொறித்துக்கொண்டிருக்கலாம். 1944-ஆகவே இருந்தாலும், பேட்டன்ட் கிடைத்து, தாழ்ப்பாள் செய்து, பெட்டி செய்து, விற்று, கப்பலேறி, யுத்தம் முடிவதற்குள் பெங்களூர் வந்து சேர வேண்டும். நடக்காதது இல்லை, ஆனால் நெருக்கடியான கணக்கு.

பேட்டன்ட் எண் இன்னொரு பக்கமும் லேசாக உதவும். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம் செல்லும். காலாவதியான எண்ணைப் பொருளில் போடுவது சட்டச் சிக்கல் என்பதால் கம்பெனிகள் பொதுவாக எடுத்துவிடும். 1953 என்றால் 1970 வரை. இது வலுவான மேல் எல்லை இல்லை, எண்ணைப் பொறிக்கும் டை (அச்சு) தேயாமல் இருந்தால் அதையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிறவர்களும் உண்டு என்பது டூல் ரூமில் இருந்த யாருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு எல்லா ட்ராயரையும் வெளியே எடுத்து, உள்பக்கம் துடைத்தேன். முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை. பச்சை பெயின்ட் அடித்தவர் வெளியே மட்டும்தான் அடித்திருந்தார். அடி ட்ராயருக்குப் பின்னால், பின்சுவரில், எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய ஒரு காகித லேபிள் ஒட்டியிருந்தது. முக்கால்வாசி கிழிந்துவிட்டது. கம்பெனி பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை. மிச்சம் இருந்தது வலது ஓரம் மட்டும்: ஒரு கமா, 'ஓஹையோ' என்ற மாநிலப் பெயர், அதன்பின் 4, 5 என்று இரண்டு இலக்கம், அதோடு காகிதம் கிழிந்துவிட்டது.

இதைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பிவிட்டு, அமெரிக்கத் தபால் முகவரி முறையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். அங்கே 1943-ல் பெரிய நகரங்களுக்கு ஒன்றிரண்டு இலக்கத்தில் தபால் மண்டல எண் கொடுத்தார்கள். அதை எழுதும் முறை: ஊர் பெயர், மண்டல எண், பிறகு கமா, பிறகு மாநிலம். நம் ஊரில் 'மெட்ராஸ்-17' என்று எழுதியது போல எண் ஊரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். 1963 ஜூலை 1-ஆம் தேதி ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது. அது மாநிலத்துக்குப் பின்னால் வரும். எங்கள் லேபிளில் எண் மாநிலத்துக்குப் பின்னால் இருந்தது. ஓஹையோவின் ஜிப் கோடுகள் 43, 44, 45 என்றுதான் தொடங்கும். அப்படியென்றால் அந்த 45 ஒரு ஜிப் கோடின் முதல் இரண்டு இலக்கம், வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை.

1963 ஜூலைக்கு முன் அந்த லேபிளை அச்சடித்திருக்க முடியாது. லேபிள் அசலா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ட்ராயர் ஓடும் தண்டவாளத்தின் ரிவெட் போட்ட விளிம்பு லேபிளின் ஒரு மூலையை அழுத்திப் பிடித்திருந்தது, அதாவது தண்டவாளம் மாட்டுவதற்கு முன்னாலேயே லேபிளை ஒட்டியிருக்கிறார்கள். கம்பெனியில் ஒட்டியதுதான்.

மாமா போன் செய்தார். "சரி, மாப்பிள்ளை. 6-தான். நான் ஒத்துக்கறேன்." அவர் குரலிலும் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று நினைக்கிறேன், யுத்த காலத்துப் பெட்டியாக இருக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் லேபிள் 6-ஐ நிரூபிக்கவில்லை, 1944-ன் பேட்டன்ட் எண்ணை 1963-ல் போட்டிருக்க முடியுமா என்றுதான் கேள்வி. 17 வருஷக் கணக்கில் அது 1961-லேயே காலாவதி. ஆகவே 6 என்பதே பொருந்துகிறது.

ஓஹையோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷினிஸ்ட் பெட்டிகளுக்குப் பேர்போன இரண்டு ஊர்கள் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. டேட்டன் நகரத்தில் கெர்ஸ்ட்னர், 1906-லிருந்து மரப்பெட்டி. வான் வெர்ட் என்ற சின்ன ஊரில் கென்னடி, 1911-ல் தொடங்கியது, இதே மாதிரி பழுப்புச் சுருக்கப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. இரண்டு ஊரின் ஜிப் கோடும் 45-ல்தான் தொடங்கும். நண்பர்கள் 'அப்ப இது கென்னடிதான்' என்கிறார்கள். வாய்ப்பு அதிகம். ஆனால் தகடு போய்விட்ட பெட்டிக்கு நான் பெயர் வைக்க மாட்டேன்.

மேல் எல்லை பெங்களூரிலேயே கிடைத்தது, மூன்றாவது ட்ராயரில். பச்சை ஃபெல்ட் துணி ஒரு மூலையில் எழும்பியிருந்தது, அடியில் செய்தித்தாள் தெரிந்தது. மெதுவாக வெந்நீர் ஆவி காட்டிப் பிரித்தேன், ஒரு முழு மத்தியானம் ஆனது. ஆங்கில நாளிதழின் ஒரு துண்டு, டெண்டர் விளம்பரப் பக்கம். தேதி இருக்க வேண்டிய மேல்பகுதியை யாரோ கத்தரித்திருந்தார்கள். ஆனால் ஒரு விளம்பரத்தின் முகவரியில் 'மைசூர் ஸ்டேட்' என்றும், அதே முகவரியில் பெங்களூர்-560 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடும் இருந்தது. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது 1973 நவம்பர் 1. இந்த இரண்டும் ஒரே முகவரியில் சேர்ந்து இருக்கக்கூடிய காலம் பதினான்கரை மாதம்தான். பெயர் மாறிய மறுநாளே எல்லோரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று இன்னும் ஒன்றிரண்டு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் உள்ளூர்ப் பெட்டி இருந்தால் இந்தத் தந்திரம் இன்னும் நன்றாக வேலை செய்யும். 'பெங்களூர்-13' என்று ஒன்றிரண்டு இலக்கத்தோடு முகவரி இருந்தால் 1972-க்கு முன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒட்டிய விலைச் சீட்டில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. ஐ.எஸ்.ஐ. என்ற தர நிர்ணய அமைப்பு 1947-ல் வந்தது, 1987-ல் பி.ஐ.எஸ். ஆனது, ஆனால் முத்திரை மட்டும் இன்றைக்கும் ஐ.எஸ்.ஐ. என்றே இருப்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

செய்தித்தாளுக்கு வருகிறேன். 'ஆக, பெட்டி 1973-க்கு முன்' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. இந்தத் தடவை நானே நிறுத்திக்கொண்டேன். தாள் அச்சான காலம்தான் அது, ஒட்டிய காலம் அல்ல. பழைய பேப்பர் கட்டில் பத்து வருஷம் கிடந்த தாளையும் எடுத்து ஒட்டலாம். ஆனால் தாளைப் பிரித்தபோது அதற்கும் அடியில், ட்ராயரின் நான்கு மூலையிலும், இன்னொரு துணியின் மிச்சம் இருந்தது. பழுப்பு நிறம், வேறு பசை, நடுப்பகுதி முழுக்கத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதுதான் அசல் துணி. அது தேய்ந்து, பிறகு யாரோ பெங்களூரில் அதைச் சுரண்டி எடுத்து, செய்தித்தாள் ஒட்டி, மேலே பச்சைத் துணி போட்டிருக்கிறார்கள். தினமும் திறந்து மூடினாலும் ஃபெல்ட் அப்படித் தேய நாலைந்து வருஷமாவது ஆகும் என்பது மாமாவின் கணிப்பு. தாள் புதிதாக இருந்தபோதே ஒட்டியிருந்தால், பெட்டி 1960-களின் கடைசிக்குள் யாருடைய கையிலோ உழைக்க ஆரம்பித்துவிட்டது.

அது எப்படி இங்கே வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. அந்தக் காலத்தில் இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஆணி கொண்டுவருவதே பாடு. ஒருவன் தனக்காக ஒரு டூல் பெட்டியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்திருப்பான் என்று நினைக்க முடியவில்லை. மாமாவுக்கு ஒரு ஊகம் இருக்கிறது. பெரிய மெஷின் இறக்குமதி ஆனால் அதைப் பொருத்திக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருவார்கள், மூன்று மாதம் இருப்பார்கள், போகும்போது கனமான சாமானைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், கூட நின்று உதவிய ஃபிட்டரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரே அப்ரண்டிஸாக இருந்தபோது ஒரு ஜெர்மன்காரர் தன் ஸ்பேனர் செட்டை இவருடைய சார்ஜ்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார். "அந்த மனுஷன் அதை எங்க யாரையும் தொட விடமாட்டார், மாப்பிள்ளை. ரிடயர் ஆகறப்ப துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டு போனார்."

நம் பெட்டியின் ஆளும் அப்படிப்பட்டவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒட்டிய பச்சைத் துணியின் ஓரங்களைப் பார்த்தால் தெரியும், ஏழு ட்ராயரிலும் பிளேடால் ஒரே நேர்க்கோட்டில் வெட்டியிருக்கிறார், மூலைகளில் துளிகூட மடிப்பு இல்லை. வெளியே பச்சை பெயின்டை அடித்தது அந்தக் கையாக இருக்கவே முடியாது.

செய்தித்தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே மூன்றாவது ட்ராயரில் வைத்துவிட்டேன். மற்ற ஆறு ட்ராயரின் துணியைப் பிரிக்கவில்லை, நன்றாக ஒட்டியிருக்கிறது, அதன் அடியிலும் தாள் இருக்கலாம், இருக்கட்டும். நடு ட்ராயரில் மாமாவின் பழைய ஹேண்ட்புக் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரு விரல்கூட நுழையாது, அவ்வளவு கச்சிதம்.

நேற்று ஒரு கார்டில், கண்டுபிடித்ததை எல்லாம் எழுதி மூடியின் உள்பக்கம் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மேலே பெரிதாக 'தயாரிப்பு: அமெரிக்கா, ஓஹையோ, 1963–1970' என்று எழுதினேன். மாமா வாங்கிப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 1963-க்குப் பக்கத்தில் 'ஜூலைக்குப் பின்' என்று சேர்த்தார். 1970-க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.